கார்வை யார் கையில்

ஜாஸ் வாசிக்க எந்தக் கிட்டார் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். மேல்பலகை வயலினைப் போலக் குவிந்து, இரு பக்கமும் எஃப் எழுத்து வடிவில் துளை வெட்டி, உள்ளே வெற்றிடமாக இருக்கும் ஆர்ச்டாப்தான் அந்தப் பதில். குடைவே இல்லாத முழுப்பலகையில் தந்தியும் பிக்கப்பும் பூட்டிய சாலிட் பாடி கிட்டாரை ராக்குக்கும் சினிமாப் பாட்டுக்கும் என்று ஒதுக்கிவிடுவார்கள். நீண்ட காலம் ஜாஸ் கேட்டும், கேட்டதை விரலில் கொண்டுவர முயன்றும் வந்த எனக்கு இந்தப் பதிலில் நிறைவு இருந்ததில்லை. நினைவில் ஆழமாகத் தங்கிவிட்ட ஜாஸ் கிட்டார் ஒலிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதை எழுப்பிய கருவி எது என்று பார்த்தால் பொதுப் பதில் தடுமாறுகிறது. ஆர்ச்டாப் என்றே எவரும் சத்தியம் செய்யக்கூடிய சில ஒலிகள் டெலிகாஸ்டர் என்ற சாலிட் பாடியிலிருந்து வந்தவை. கேள்வி ஞானத்திலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவு இது: இரண்டு வகைக் கருவிக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு, ஒலியின் நிறத்தைவிடச் சுரம் முடிகிற விதத்தில் இருக்கிறது. ஆர்ச்டாப்பில் சுரத்தைக் கருவியே முடித்துவைக்கிறது. சாலிட் பாடியில் அந்தப் பொறுப்பு வாசிப்பவரின் கைக்கு வந்துவிடுகிறது. ஜாஸுக்கு ஒரு சாலிட் பாடி தேர்ந்தெடுப்பதென்பது இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்வதுதான். அதற்குத் தோதான கருவி எது என்று பார்த்தால் கடையில் தொங்கும் பலவற்றிலிருந்து சரியானதை எடுப்பது எளிதாகிவிடும்.

ஆர்ச்டாப் ஜாஸுக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கிப்சன் நிறுவனம் 1922-இல் எல்-5 கிட்டாரைக் கொண்டுவந்தபோது அதில் பிக்கப் கிடையாது. பித்தளை வாத்தியங்களும் டிரம்ஸும் முழங்கும் பெரிய இசைக்குழுவுக்கு நடுவே தாளத்துக்கான கார்டுகள் கேட்க வேண்டும்; அதற்குச் சட்டென்று பாய்ந்து சட்டென்று அடங்குகிற ஒலி வேண்டும். குவிந்த மேல்பலகையும் எஃப் துளைகளும் அந்தத் தேவைக்கு விடையாக வந்தவை. 1936-இல் அதே நிறுவனம் பிக்கப் பொருத்திய இ.எஸ்-150-ஐ விற்பனைக்கு விட்டது. 1939-இல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு, தாளத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த கிட்டாரைச் சாக்ஸஃபோனுக்குச் சமமாக முன்னால் நிறுத்தினார். 1942-இல், 25 வயதில் அவர் இறந்தபோது மின்கிட்டாரின் ஜாஸ் மொழி உருவாகியிருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிறிஸ்டியனின் ஒலியை அரங்கத்துக்குக் கொண்டுபோனது பிக்கப்பும் ஆம்ப்ளிஃபையரும். மரப்பெட்டி காற்றை அசைத்து ஒலியைப் பெருக்க வேண்டிய வேலை அன்றே முடிந்துவிட்டது. ஆனாலும் பெட்டி போகவில்லை. முந்தைய தேவைக்காகப் பிறந்த வடிவம் பழக்கத்தால் தங்கிற்று. தங்கியபின் அதற்கே உரிய ஒரு ஒலிக்குணம் ஜாஸ் என்ற பெயரோடு சேர்ந்துகொண்டது.

அதன்பின் நடந்த வரலாற்றைப் பார்த்தால், ஜாஸுக்கான மின்கிட்டார்களைச் செய்தவர்களே அந்தப் பெட்டியின் அதிர்வைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். காரணம் ஃபீட்பேக். ஆம்ப்பின் ஒலி பெட்டியை அதிரவைக்க, பெட்டி தந்தியை அதிரவைக்க, அது மறுபடி ஆம்ப்புக்குப் போக, கடைசியில் ஊளைச் சத்தம் எழும். 1949-இல் வந்த இ.எஸ்-175-இன் மேல்பலகை செதுக்கிய மரம் கிடையாது. மேப்பிள் அடுக்குப்பலகையை அழுத்தி வளைத்தது. அடுக்குப்பலகை குறைவாக அதிரும், விலையும் குறையும். பின்னாளில் ஜிம் ஹால், ஜோ பாஸ், பாட் மெத்தனி மூவர் கையிலும் நாம் கேட்கிற கருவி அதுதான். 1955-இல் வந்த பேர்ட்லேண்ட், பெட்டியின் ஆழத்தைக் குறைத்தது. 1958-இல் வந்த இ.எஸ்-335, பெட்டியின் நடுவே முழுநீளத்துக்கு ஒரு மரக்கட்டையை வைத்து அதிர்வைக் கட்டிப்போட்டது. இன்றும் மேடையில் எஃப் துளைகளைத் துணியாலோ ரப்பராலோ அடைத்துக்கொண்டு வாசிப்பவர்கள் உண்டு. இவை அனைத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால், கோடு போய்ச் சேருமிடம் சாலிட் பாடி. அந்த முனையில் முதலில் நின்றவர்களில் ஒருவரும் ஜாஸ்காரரே. லெஸ் பால் 1940-களின் தொடக்கத்தில் ஒரு பைன் மரக்கட்டையில் தந்தி கட்டி வாசித்துப் பார்த்தார். ஒரு எபிஃபோன் கிட்டாரின் உடலை இரண்டாகப் பிளந்து இருபுறமும் ஒட்டிய பிறகே மக்கள் அதை ஏற்றார்கள் என்று அவர் சொல்லிவந்தார். ஒட்டிய பக்கங்கள் ஒலிக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அவை தேவைப்பட்டன. அதே லெஸ் பால் 1944-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் ஜாஸ் அட் த ஃபில்ஹார்மானிக் கச்சேரியில் நாட் கிங் கோலோடு வாசித்தவர். 1952-இல் அவர் பெயரில் கிப்சனின் சாலிட் பாடி வந்தது. 2009-இல் இறக்கும் காலம் வரை நியூயார்க்கில் வாரந்தோறும் வாசித்துவந்தார்.

இனி, தந்தியில் நடப்பதைப் பார்க்கலாம். மீட்டிய தந்தியில் குறிப்பிட்ட அளவு ஆற்றல்தான் இருக்கிறது. ஆர்ச்டாப்பில் தந்திகள் ஒரு மரப் பிரிட்ஜின் மேல் அழுந்திக்கிடக்க, அந்தப் பிரிட்ஜ் மெல்லிய பலகையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பலகை அசையக்கூடியது, தந்தியின் ஆற்றலை அது விரைவில் வாங்கிக் காற்றில் விட்டுவிடும். அதனால் சுரம் பிறந்தவுடன் பருத்து எழும்பி, பிறகு வேகமாக இறங்கும். சாலிட் பாடியில் உலோகப் பிரிட்ஜ் கனமான மரத்தில் திருகப்பட்டிருக்கிறது, மரம் அசையாது. ஆற்றல் தந்தியிலேயே தங்கும், கார்வை நீளும். பிக்கப் என்பது காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும். அது காற்றைக் கேட்பதில்லை, தனக்கு மேலே உலோகத் தந்தி அசைவதைப் படிக்கிறது. ஆகவே உடலின் செல்வாக்கு பிக்கப்புக்கு நேரடியாக வந்து சேர்வதில்லை. தந்தி எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் தளர்கிறது என்பதன் வழியாகவே பெரும்பாலும் வருகிறது. ஒலியின் இருளும் வெளிச்சமும் வேறு இடங்களில் தீர்மானமாகின்றன: பிக்கப் தந்தியின் எந்தப் புள்ளியில் இருக்கிறது, தந்தி எந்த வகை, மீட்டும் கை எங்கே விழுகிறது, டோன் குமிழ் எவ்வளவு திருகப்பட்டிருக்கிறது, ஸ்பீக்கர் எது என்பவை அவை. இவை எல்லாமே சாலிட் பாடியிலும் நம் வசத்தில் இருக்கின்றன. வசத்தில் இல்லாதது அந்த இயல்பான தளர்ச்சி ஒன்றுதான். அதைத்தான் கை ஈடுகட்ட வேண்டும்.

இந்த வேறுபாடு இசையில் எங்கே உறைக்கிறது? ஜாஸ் கிட்டாருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, சோலோவில் ஒற்றைச் சுரங்களை நீண்ட வரியாக ஓட்டுவது. மற்றொன்று, பிறர் வாசிக்கும்போது பின்னால் கார்டுகளை இட்டு நிரப்புவது. வேகமான பீபாப் வரியில் ஒவ்வொரு சுரமும் அடுத்ததற்கு வழிவிட்டாக வேண்டும். முந்தைய சுரத்தின் கார்வை அடுத்ததன் மேல் படிந்தால் வரியின் கூர்மை போய்விடும். ஆர்ச்டாப்பில் இது ஓரளவு தானாகவே நடக்கிறது. அதனால்தான் வெஸ் மாண்ட்கோமரி கட்டைவிரலால் எல்-5-இல் வாசித்த வரிகள் ஒவ்வொரு சுரமும் தனியாக உருண்டு விழுவதுபோலக் கேட்கின்றன. சாலிட் பாடியில் இடதுகை விரல் அழுத்தத்தைத் தளர்த்தும் கணமும், வலதுகையின் ஓரம் தந்தியைத் தொடும் கணமும் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். கார்டுகளில் நிலைமை தலைகீழாகிறது. மெதுவான பாட்டில் ஒரு கார்டை முழு அளவுக்கும் நிறுத்தி, அதற்குள்ளே ஒரே ஒரு சுரத்தை மட்டும் அரைச்சுரம் இறக்கி அடுத்த கார்டுக்குள் நழுவ விரும்பினால், மற்றச் சுரங்கள் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். ஆர்ச்டாப்பில் அவை பாதிவழியில் மங்கிவிடும். சாலிட் பாடியில் அவை நிற்கும். பியானோக்காரர் பெடலை மிதித்துச் செய்கிற காரியத்தைக் கிட்டாரில் செய்யக்கூடிய வழி இதுவே. ஒரு வேலைக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவைப்படுகிறது; மற்றொன்றில் இதுவரை இல்லாத வசதி கிடைக்கிறது. கணக்குப் போட்டால் இழப்பைவிட வரவு அதிகம் என்பதே என் வாதம்.

இதற்கு நான் நம்பும் சான்று பால் டெஸ்மண்டின் பதிவுகள். ஒரே சாக்ஸஃபோன் கலைஞர், ஒரே மென்மையான அழகியல், பியானோ இல்லாமல் கிட்டாரை வைத்துக்கொண்ட நால்வர் குழு. கிட்டாரும் கிட்டாரிஸ்ட்டும் மட்டும் மாறுகிறார்கள். 1963-இன் டேக் டென் உள்ளிட்ட அறுபதுகளின் பதிவுகளில் அவரோடு ஜிம் ஹால், இ.எஸ்-175-இல். எழுபதுகளின் நடுவில் ஜிம் ஹாலே பரிந்துரைத்த கனடாக்காரர் எட் பிக்கர்ட், ஃபெண்டர் டெலிகாஸ்டரில். 1974-இல் பதிவான ப்யூர் டெஸ்மண்டையும், 1975-இல் டொரான்டோவின் போர்பன் ஸ்ட்ரீட் என்ற கிளப்பில் பதிவான நேரலை ஆல்பத்தையும் அறுபதுகளின் ஆல்பங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் நான் சொல்லும் வேறுபாடு காதுக்குத் தெளிவாகும். ஹால் இடைவெளிகளால் பேசுகிறார். இரண்டு மூன்று சுரங்கள், பிறகு மௌனம். அவருடைய கார்டு தானாகத் தேய்ந்து டெஸ்மண்டுக்கு வழிவிடுகிறது. பிக்கர்ட்டின் கார்டுகள் தேயாமல் கீழே தங்குகின்றன. நான்கு ஐந்து சுரங்கள் கொண்ட நெருக்கமான அடுக்கில் நடுச்சுரங்கள் நகர்ந்துகொண்டே இருக்க, மேல்சுரம் சாக்ஸஃபோனுக்குப் பதில் சொல்கிறது. நிறத்தை மட்டும் கேட்டால் பிக்கர்ட்டின் ஒலி ஹாலுடையதைவிட வெளிச்சமானது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அவ்வளவு உருண்டையான, இருண்ட ஒலி. அவர் டோன் குமிழைக் குறைத்து, கழுத்துப்பக்க பிக்கப்பில் வாசித்தார். பின்னாளில் அந்த இடத்தில் ஹம்பக்கர் பொருத்திக்கொண்டார். இருவரையும் பிரிப்பது சுரங்களின் முடிவு. ஹால் கருவியின் மௌனத்தைப் பயன்படுத்துகிறார். பிக்கர்ட் கார்வையை ஆள்கிறார். இரண்டுமே முழுமையான ஜாஸ்.

இவர் ஒருவர்தான் விதிவிலக்கு என்று சொல்லிவிட முடியாதபடி வரிசை நீளமானது. கலிஃபோர்னியாவில் வாழ்ந்த டெட் கிரீன், 1971-இல் வெளியான கார்டு கெமிஸ்ட்ரி என்ற புத்தகத்தால் உலகெங்கும் கிட்டார் மாணவர்களுக்கு ஆசிரியரானவர். 1977-இல் அவர் வெளியிட்ட சோலோ கிட்டார் என்ற ஆல்பம் துணையே இல்லாத டெலிகாஸ்டர் வாசிப்பு. பழைய அமெரிக்கப் பாட்டுகளை அவர் நான்கு குரல்கள் சேர்ந்து பாடுவதுபோல அமைத்திருக்கிறார். ஒரு குரல் நகரும்போது மற்ற மூன்றும் காத்திருக்கின்றன. ஜிம் ஹாலிடம் பாடம் கேட்ட பில் ஃபிரிசெல் டெலிகாஸ்டர் வகையில் ஒரு சுரத்தை விட்டு அது விரிவதைக் காத்திருந்து கேட்பவர். ஜூலியன் லாஜ் 2016-இல் ஆர்க்லைட் ஆல்பத்தில் டெலிகாஸ்டரை எடுத்தபோது, அதன் கூர்மையை மறைக்காமல் அப்படியே விட்டு, விரலழுத்தத்தால் மட்டும் சுரத்தைப் பருமனாக்கினார். இவர்கள் ஒவ்வொருவரின் ஒலியும் வேறு. ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்: ஒரு சுரம் எப்போது முடிய வேண்டும் என்பதை இவர்கள் ஒவ்வொருவரும் கையால் தீர்மானிக்கிறார்கள். அது கேட்கவும் செய்கிறது.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவதில் வலுவானது ஜோ பாஸின் கதை. 1962-இன் சவுண்ட்ஸ் ஆஃப் சினனான் பதிவுக் காலத்தில் அவர் வாசித்தது ஃபெண்டரின் சாலிட் பாடி. ஒரு ரசிகர் 1963-இல் இ.எஸ்-175 ஒன்றைப் பரிசளித்ததும் அதற்கு மாறி, வாழ்நாளில் பெரும்பகுதி அதையே வைத்துக்கொண்டார். ஃபெண்டர் 1958-இல் ஜாஸ்காரர்களையே குறிவைத்து ஜாஸ்மாஸ்டரைச் செய்தது. உட்கார்ந்து வாசிக்கத் தோதான சாய்ந்த உடல், அகலமான தட்டை பிக்கப்கள், இருண்ட ஒலிக்கெனத் தனிச் சுற்று எல்லாம் இருந்தும், ஜாஸ்காரர்களில் மிகச் சிலரே வாங்கினார்கள். கலிஃபோர்னியக் கடற்கரையின் சர்ஃப் குழுக்கள் அதை எடுத்துக்கொண்டன. வாசிப்பவர்களே வாக்களித்துவிட்டார்களே என்கிறது மறுப்பு. என் பதில் இது. சினனான் பதிவைக் கேட்பவர் அதில் ஜோ பாஸைக் கேட்கிறார். வரிகளின் வேகமும் கார்டுகளின் தெளிவும் அப்போதே முழுதாக இருக்கின்றன. சாலிட் பாடி அவரைத் தடுத்ததற்கான தடயம் எதுவும் இல்லை. அவர் மாறியது அவர் கைக்குப் பிடித்த தேர்வு. ஜாஸ்மாஸ்டரின் கதை உண்மையில் என் பக்கமே சாய்கிறது. பெயரில் ஜாஸ் எழுதியிருந்த கருவியை ஜாஸ்காரர்கள் விட்டுவிட்டு, கன்ட்ரி இசைக் குழுக்களுக்கென்று கருதப்பட்ட டெலிகாஸ்டரைப் பின்னாளில் எடுத்துக்கொண்டார்கள். விளம்பரம் எந்தக் கருவியையும் எந்த இசைக்கும் உரியதாக்குவதில்லை. நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. யு. ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய சாலிட் பாடி மின்மாண்டலினைக் கர்நாடகக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தபோது அது அங்கே பொருந்தாது என்றவர்கள் இருந்தார்கள். மரபான மாண்டலினின் இரட்டைத் தந்திகளில் கிடைக்காத கார்வை அந்தப் பலகையில் கிடைத்ததால்தான் அவர் கமகங்களை முழுதாக வாசிக்க முடிந்தது. பின்னர் ஜான் மெக்லாஃப்லினோடு ரிமெம்பர் ஷக்தி குழுவில் அதே கருவியோடு ஜாஸ் மேடைகளிலும் நின்றார்.

இரண்டாவது மறுப்பை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆம்ப் இல்லாமல் ஒலிக்க வேண்டிய ஜாஸ் ஒன்று இருக்கிறது. ஃபிரெடி கிரீன் 1937 முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கவுன்ட் பேஸி குழுவில் ஆம்ப் இல்லாமல் ஆர்ச்டாப்பில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கார்டு வாசித்தார். அது கேட்பதைவிட உணரப்படுகிற ஒலி. டிரம்ஸோடும் பாஸோடும் கலந்து குழு முழுவதையும் தள்ளுகிறது. அந்த வேலையைச் சாலிட் பாடி செய்யாது. ஜிம் ஹால் 1962-இல் பில் எவன்ஸோடு பதிவுசெய்த அன்டர்கரென்ட் ஆல்பத்தில் ஒரு கட்டத்தில் ஆம்ப்பை ஏறக்குறைய அடக்கிவிட்டு மரத்தின் ஒலியாலேயே தாளம் போடுகிறார். ஜோ பாஸின் வர்ச்சுவோசோ ஆல்பத்தில் மைக் பிடித்த மர ஒலியே பெரிதும் கேட்கிறது. இவற்றை நேசிக்கிறவர் சாலிட் பாடியில் இவற்றைத் தேடினால் கிடைக்காது. அவருக்கு ஆர்ச்டாப்தான் சரி. ஆனால் இந்த விலக்கின் அளவைச் சரியாக வரைந்துகொள்ள வேண்டும். மின்னொலியில் வாசிக்கப்படும் ஜாஸ் கிட்டாரில் பெரும்பகுதி இதற்கு வெளியே இருக்கிறது. டிரம்ஸோடும் பாஸோடும் சிறு அரங்குகளில் வாசிக்கிறவருக்கு மைக்கில் பிடிக்கும் மர ஒலி கிடைக்கவே கிடைக்காது. அங்கே ஃபீட்பேக்கோடு போராடுவதுதான் மிஞ்சும்.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. கருவியே சுரத்தை முடித்துவைப்பது ஒரு வரம், அதை ஏன் இழக்க வேண்டும், கற்கிறவருக்கு அது உதவிதானே என்பது அது. ஆர்ச்டாப்பின் தளர்ச்சி உதவுவது உண்மை. அந்த உதவிக்கு விலையும் உண்டு. எல்லாச் சுரங்களையும் கருவி ஒரே மாதிரி முடித்துவைக்கிறது. வரியின் நடுவே நிற்க வேண்டிய சுரமும், கடந்துபோக வேண்டிய சுரமும் ஒரே வேகத்தில் தேய்கின்றன. ஜாஸ் வரியில் உயிர் இருப்பது எந்தச் சுரம் நீள்கிறது, எது நறுக்கப்படுகிறது என்ற தேர்வில். சாக்ஸஃபோன்காரர் மூச்சாலும் நாக்காலும் அதைச் செய்கிறார். கிறிஸ்டியன் காலத்திலிருந்து கிட்டாரிஸ்ட்டுகள் பின்பற்ற ஏங்கியது சாக்ஸஃபோனைத்தான். நீளமும் குறுக்கமும் வாசிப்பவரின் முழு ஆளுகைக்கு வருகிற கருவி அந்த ஏக்கத்துக்கு அருகில் இருக்கிறது. கற்கும் காலத்தில் இது கடினம். தந்தியை அடக்கப் பழகாத கையில் சாலிட் பாடி சுரங்களை ஒன்றோடொன்று குழப்பிவிடும். ஆனால் அந்தக் குழப்பம் உடனே காதில் விழும், விழுவதால் திருத்தப்படும். கருவி மறைத்துவிடும் குறையைவிடக் காட்டிக்கொடுக்கும் குறை மாணவருக்கு நல்லது.

இந்த வாதம் சரியென்றால் தேர்வுக்கான வரிசையும் அதிலிருந்தே பிறக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது கழுத்துப்பக்க பிக்கப். தந்தியின் முழுநீளத்தில் பிரிட்ஜிலிருந்து கால்பங்கு தூரத்தில் அது இருந்தால், அடிச்சுரத்தின் அசைவு அங்கே உச்ச அளவில் 70 சதவீதமாக இருக்கும். பிரிட்ஜை ஒட்டிய பிக்கப்பில் அது கால்பங்குக்கும் கீழே போய்விடும். ஜாஸின் உருண்டை ஒலி பிறப்பது இந்த இடத்தில். அதனால் 24 ஃப்ரெட் கொண்ட நவீனக் கிட்டார்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிகப்படி ஃப்ரெட்டுகள் பிக்கப்பைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளிவிடுகின்றன. 21 அல்லது 22 ஃப்ரெட் போதும். பிக்கப் ஒற்றைச்சுருளா ஹம்பக்கரா என்பது அடுத்த கேள்வி. ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் மின்சார ரீங்காரத்தை ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியை அகலமாகப் படிப்பதால் உச்ச ஒலிகளும் சற்றுக் குறையும். மெதுவான பாட்டுகளின் மௌனங்களில் ரீங்காரம் துன்பம் என்பதால் ஹம்பக்கரில் நியாயம் இருக்கிறது. டெலிகாஸ்டரின் உலோக மூடியிட்ட ஒற்றைச்சுருள் பிக்கப்பும் அதன் வழியில் இருண்டதே. 1952 முதல் 1967 வரை வந்த டெலிகாஸ்டர்களில் சுவிட்சின் முன்நிலையில் மேலொலிகளை வெட்டிவிடும் சுற்று ஒன்று இருந்ததும் நினைவில் கொள்ளத்தக்கது.

அடுத்தது தந்தியும் தந்தி நீளமும். கார்வையை ஆளும் வேலையில் பாதியைத் தந்தியே எடுத்துக்கொள்ளும். ராக்குக்கான 9 அல்லது 10 அளவுத் தந்தியைக் கழற்றிவிட்டு 11 அல்லது 12 அளவில், மூன்றாம் தந்தியும் சுற்றுக்கம்பியாக உள்ள கட்டைப் பூட்ட வேண்டும். பட்டையாகச் சுற்றிய ஃப்ளாட்வூண்ட் தந்தியில் மேலொலிகள் சீக்கிரம் அடங்கும். சுரம் ஆர்ச்டாப்பின் தளர்ச்சியை நெருங்கும். பிக்கர்ட் போல நடுச்சுரங்கள் நீள வேண்டும் என்பவர் உருட்டுக்கம்பியிலேயே தடிமனானதைப் பார்க்கலாம். தந்தி மாறினால் கழுத்தின் இழுவை மாறும். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடையும் பிரிட்ஜில் தந்தி நீளத்தையும் மறுபடி சரிசெய்தாக வேண்டும். ஃபெண்டரின் தந்தி நீளம் 648 மில்லிமீட்டர், கிப்சனுடையது 628. ஒரே தந்திக்கு முன்னதில் சுமார் 6 சதவீதம் இழுவை அதிகம். அகலமாக விரியும் கார்டுகள் வாசிப்பவருக்குக் கிப்சன் நீளம் விரலுக்கு இதம். கையால் தந்தியைத் தொட்டு அடக்கும்போது இறுக்கம் வேண்டும் என்பவருக்கு ஃபெண்டர் நீளம். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் அது ஊன்றி நிற்கும் சேடில் தனித்தனியாக இருக்கிறதா என்பதும் முக்கியம். பழைய டெலிகாஸ்டரில் இரண்டு தந்திக்கு ஒரு சேடில் என மூன்றே இருந்தன. கழுத்தின் மேல்பகுதியில் நெருக்கமான கார்டுகள் வாசித்தால் சுருதி சற்று விலகும். ஆறு சேடில் அல்லது சரிவாக வெட்டிய மூன்று சேடில் இதைத் தீர்க்கிறது. அசையும் டிரெமோலோ பிரிட்ஜ், கையின் கட்டுப்பாட்டுக்கு வெளியே மற்றொரு தளர்ச்சியைக் கூட்டும் என்பதால் நிலையான பிரிட்ஜே என் தேர்வு.

எடையையும் பார்க்க வேண்டும். நான்கு கிலோவைத் தாண்டும் கனமான பலகைகள் நெடுநேரம் உட்கார்ந்து வாசிக்கிறவரின் தோளைக் களைப்பாக்கும். தோள் களைத்தால் வலதுகை ஓரத்தின் மென்மையும் போய்விடும். நம் விவாதத்தில் முழுப் பொறுப்பும் அந்தக் கையின் மேல்தான் இருக்கிறது. மரத்தின் இனம், பூச்சின் வகை, தயாரித்த ஆண்டு இவற்றுக்காகப் பணத்தைக் கொட்டுவது எனக்கு உடன்பாடில்லை. மிஞ்சும் பணம் ஆம்ப்புக்குப் போகட்டும். ஒலியளவு கூட்டினாலும் கரகரக்காமல் தெளிவாக நிற்கும் ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர், மட்டான மேலொலி: இந்த மூன்றும் இருந்தால் ஒரு எளிய டெலிகாஸ்டர் வகைக் கிட்டார் ஜாஸ் மேடையில் கூசாமல் நிற்கும். டோன் குமிழை முழுவதும் மூடிவிடும் பழக்கமும் வேண்டாம். பாதியில் நிறுத்தினால் இருளும் இருக்கும், மீட்டலின் முனையும் இருக்கும். முனை மழுங்கிவிட்டால் சுரத்தின் தொடக்கமும் முடிவும் ஒருசேர மங்கிப்போகும். கையின் உழைப்பு காதுக்கு எட்டாது.

ஆக, கடையில் கருவியைச் சோதிக்கும்போது வேகமான வரிகளை வாசித்துப் பார்ப்பதால் அதிகம் தெரியப்போவதில்லை. ஒரு மெதுவான பாட்டின் நான்கு கார்டுகள் போதும். ஒவ்வொன்றையும் முழு அளவுக்கு நிறுத்தி, நடுச்சுரம் நகரும்போது மற்றவை நிற்கின்றனவா என்று கேளுங்கள். பிறகு அதே கார்டுகளை வலதுகை ஓரத்தால் சட்டென்று நறுக்கி, அவை முழுதாக அடங்குகின்றனவா என்று பாருங்கள். நிற்கச் சொன்னால் நின்று, அடங்கச் சொன்னால் அடங்கும் கருவி ஜாஸுக்கு ஏற்றது. அதன் உடல் குடைவானதா முழுப்பலகையா என்ற கேள்விக்கு இடம் இதற்குப் பின்னால்தான். ஜாஸ் கிட்டார் என்று தனியாக ஒரு மரவகை கிடையாது. சுரத்தின் நீளத்தைக் கவனத்தோடு தீர்மானிக்கிற வாசிப்பு இருக்கிறது. அதற்கு முழுமையாகக் கீழ்ப்படியும் கருவியைத் தேடுகிறவருக்கு நல்ல சாலிட் பாடி எந்தக் குறையும் வைக்காது.